ஐம்பது கிலோமீட்டர் பாக்கி

'இன்ஜின் இல்லாத ஏரோப்ளேன்' என்று சொன்னால் எங்கள் கம்பம் பக்கத்தில் உடனே வருகிற கேள்வி, "எப்ப ரிப்பேர் பண்ணுவாங்க?" என்பதுதான். என் சின்னத் தாத்தா, அதாவது அம்மாவின் சித்தப்பா, இந்தக் கேள்விக்கு இருபது வருஷம் சளைக்காமல் பதில் சொன்னார். டீக்கடையில், சலூனில், சந்தையில், ஒரு தடவை துக்க வீட்டில்கூட! "ரிப்பேர் இல்லப்பா. அதுக்கு இன்ஜினே கெடையாது. காத்துலயே போகும்." கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் ஒரு விரலால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் காத்தாடித் தாத்தா. அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. "காத்தாடிக்கு நூல் வேணும். எனக்கு அதுவும் வேண்டாம்" என்பார்.

தாத்தா 1938-ல் பிறந்தவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, இருபதாவது வயதில் புனேயில் கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் கிர்க்கியில் தமிழ்க் குடும்பங்கள் ஏகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதிப் பேர் சினிமாவுக்கு, மீதிப் பேர் சீட்டாட்டத்துக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருத்தர், "வாய்யா, வேடிக்கை பாக்கலாம்" என்று சைக்கிளில் ஊரின் அடுத்த கோடியில் இருக்கிற ஹடப்ஸருக்கு அழைத்துப் போனார். அங்கே மத்திய அரசின் விமானத் துறை நடத்துகிற கிளைடிங் சென்டர் இருந்தது. வேடிக்கை பார்க்கப் போனவர், முப்பது வருஷம் போனார். கூட்டிப் போன நண்பர் அடுத்த வாரமே சீட்டாட்டத்துக்குத் திரும்பிவிட்டாராம்.

தாத்தா அதை 'சென்டர்' என்று சொல்ல மாட்டார். 'எங்க கிளப்' என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோஷ்டியில் வங்கி குமாஸ்தா உண்டு, கல்லூரிப் பையன் உண்டு, டாக்டர் உண்டு. மைதானத்தில் எல்லாருக்கும் ஒரே வேலை: தள்ளுவது!

சிரிக்காதீர்கள். கிளைடர் ஐந்து நிமிஷம் பறக்க, கீழே ஏழெட்டுப் பேர் அரை நாள் ஓட வேண்டும். மைதானத்தின் ஒரு கோடியில் விஞ்ச் என்கிற பெரிய எஞ்சின் உருளை. அதிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு எஃகுக் கம்பி. மறு கோடியில் கிளைடர். ஒருவர் கம்பியை மாட்ட, ஒருவர் கொடி காட்ட, ஒருவர் விஞ்ச்சை ஓட்ட, ஒருவர் நோட்டில் நேரம் குறிக்க... அப்புறம் ஒருவர், தரையில் சாய்ந்து கிடக்கிற ரெக்கையின் நுனியை மட்டமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே ஓட வேண்டும். கிளைடருக்கு அடியில் ஒற்றைச் சக்கரம்தான். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். விஞ்ச் இழுத்ததும் காற்றாடி மாதிரி ஒரு நிமிஷத்துக்குள் ஆயிரம் அடி. மேலே போனதும் பைலட் மஞ்சள் குமிழை இழுப்பார். கம்பி கழன்று கீழே விழும். அதற்கப்புறம் அவரும் காற்றும்தான்.

இந்த ரெக்கை பிடிக்கிற வேலையை யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள். வெயில், புழுதி, ஓட்டம். தாத்தா முப்பது வருஷம் அதைக் கேட்டு வாங்கிச் செய்தாராம். "ரெக்கை கையில இருக்கறப்பவே தெரிஞ்சுடும் தாயி, அது பறக்க ஆசைப்படுதான்னு. லேசா தூக்கும். நாம பிடிச்சிருக்கமா, அது நம்மளப் பிடிச்சிருக்கானு சந்தேகம் வந்துரும்."

அவர் கற்றுக்கொண்ட கிளைடரின் பெயர் ரோகிணி. ஆமாம், நட்சத்திரம்தான். டெல்லியில் சிவில் ஏவியேஷன் இலாகாவின் டெக்னிக்கல் சென்டரில் எஸ்.ராமாமிர்தம் என்ற வடிவமைப்பாளர் இருந்தார். 1958-ல் அவர் வடிவமைத்த கிளைடர் பறந்தது. பெயர் அசுவினி. 1961-ல் ரோகிணி. 1963-ல் கார்த்திக். பிறகு அந்த இலாகாவிலிருந்து பரணி, மிருகசீர், ஆர்த்ரா என்று பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் வைத்த மாதிரி வரிசையாக வந்தன. ரோகிணி மரத்தால் ஆனது. வாத்தியாரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில், மாட்டு வண்டியில் உட்கார்ந்த மாதிரி உட்காரலாம். தாத்தாவின் நட்சத்திரம் திருவாதிரை. "ஆர்த்ரா வரும் வரும்னு பாத்தேன். என் நட்சத்திரத்துக்கு மொறை வர்றதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுப் போச்சு" என்று அலுத்துக்கொள்வார்.

1996-ல் ரிடையராகி, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சைக்கிளுமாகக் கம்பத்துக்கு வந்து இறங்கினார். எனக்கு அப்போது ஏழு வயது. சட்டைப் பையில் ஒரு நீல நிற பாட்ஜ் குத்தியிருப்பார். அதில் மூன்று வெள்ளைக் கடற்பறவைகள். 'சி' பாட்ஜ் என்று பெயர். ஒரு பறவை என்றால் 'ஏ', இரண்டு என்றால் 'பி', மூன்று என்றால் 'சி'. உலகம் முழுக்க இதே கணக்கு. எங்கள் தெருவில் மட்டும், ஏதோ புதுக் கட்சி ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தார்கள். அந்த எலெக்ஷனில் யாருக்குச் சப்போர்ட் என்று இரண்டு பேர் வந்து ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நான் பிற்பாடு உத்தமபாளையத்தில் பி.காம். சேர்ந்தபோது, எனக்குக் கிளைடிங்கைக் கணக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்தார். "உயரம்தான் தாயி கையிருப்பு. கிளைடர் சும்மா போனாலே உயரம் செலவாகிட்டே இருக்கும். வாடகை மாதிரி, நிறுத்தவே முடியாது. பழைய மர கிளைடர்னா ஒரு கிலோமீட்டர் உயரத்தை வச்சுக்கிட்டு இருபது கிலோமீட்டர் தூரம் போகலாம். அப்புறம் தரைதான்."

"அப்ப வரவு?"

"வெயில்ல காஞ்ச தரை காத்தைச் சூடாக்கும். சூடான காத்து தூண் மாதிரி மேல ஏறும். அதுக்குள்ள புகுந்து வட்டம் அடிச்சா நம்மளையும் சேத்துத் தூக்கும். செலவைவிட வரவு ஜாஸ்தியானா மேல போறோம். அம்புட்டுத்தான்."

மூன்று வருஷம் அக்கவுண்டன்ஸி படித்ததில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு பேலன்ஸ் ஷீட் சொல்லித் தரவில்லை.

பருந்தைக் காட்டி ஒரு நாள் கேட்டார்: "உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாதுங்கறாங்களே, ஏன் தெரியுமா? குருவி ரெக்கையை அடிச்சு அடிச்சு மேல போகப் பாக்குது. பருந்து அடிக்கறதே இல்ல. காத்து எங்க ஏறுதுன்னு தேடிப் போய் உக்காந்துக்குது. பெலம் இல்ல தாயி, விலாசம் தெரியணும்."

எங்கள் பள்ளத்தாக்கை அவர் பார்த்த பார்வையே தனி. மற்றவர்களுக்குக் கம்பம் என்றால் பன்னீர் திராட்சை, முல்லைப் பெரியாறு, இருபோக நெல். அவருக்கு அது காற்று ஓடுகிற வாய்க்கால். ஆடி மாதம் தென்மேற்குக் காற்று ஈரத்தையெல்லாம் கேரளாவிலேயே செலவழித்துவிட்டுக் காலிப் பர்ஸோடு மேற்கு மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும். எதிரே கிழக்கில் மேகமலைச் சரிவில் மோதி மறுபடி மேலே ஏறும். "மேற்கு மலை ஓரமாப் போனா காத்து அமுக்கும். கிழக்கு மலை ஓரமாப் போனா தூக்கும். நடுவுல போனா ஆட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்தபடி கையாலேயே ஓட்டிக் காட்டுவார். மேகமலைப் பக்கத்து எஸ்டேட்டுக்கு 'ஹைவேவிஸ்' என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்திருக்கிறானே, அந்த அலை காற்றில் இருக்கிற அலைதான் என்று அடித்துச் சொல்வார். மலை மடிப்பு மடிப்பாக இருப்பதால் வந்த பெயர் என்று நான் சொன்னால், "உனக்குத் தரை மட்டும்தான் தெரியும்" என்பார்.

பிற்பாடு ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கமெல்லாம் காற்றாலைகள் முளைத்தபோது, ஊரில் அவரைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை. "பாத்தியா? அதுல சுத்தறதும் கிளைடர் ரெக்கை மாதிரிதான். நான் சொன்னா லூஸுன்னாங்க. இப்ப கம்பெனிக்காரன் கோடிக் கணக்குல காசு போட்டு நட்டு வச்சிருக்கான்!"

அவர் சைக்கிள் ஹாண்டில்பாரில் நாலு அங்குலத்துக்கு ஒரு சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கும். கண் திருஷ்டிக்கு என்று எல்லாரும் நினைத்தார்கள். அது யா ஸ்ட்ரிங். கிளைடரின் கண்ணாடி மேல் இப்படி ஒரு நூலை ஒட்டியிருப்பார்கள். நூல் நேராக நின்றால் கிளைடர் காற்றில் நேராகப் போகிறது, கோணலானால் வழுக்குகிறது. ரைட் சகோதரர்கள் காலத்துச் சமாசாரம். லட்சக்கணக்கில் விலை போகிற நவீன கிளைடர்களிலும் இன்றைக்கும் அந்த நூல் இருக்கிறது. "ஏரோப்ளேன்லயே வெலை கம்மியான சாமான், பொய் சொல்லாத சாமான், இது ஒண்ணுதான்."

அவருடன் பஸ்ஸில் போவது ஒரு அனுபவம். ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களுக்கு மார்க் போட்டுக்கொண்டே வருவார். காற்று கைவிட்டால் கிளைடர் கிடைத்த இடத்தில் இறங்கியாக வேண்டும் அல்லவா? "திராட்சைப் பந்தல், பூஜ்யம். கல்லுக்காலும் கம்பியுமா இருக்கு, எறங்கினா சட்னி. தென்னந்தோப்பு, பூஜ்யம். நடவு வயல், தண்ணி நிக்குது, பத்து மார்க். அந்தா, சோளம் அறுத்த காடு தெரியுதா? எண்பது!" கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல். பென்னிகுக் துரை செய்த இந்த மகா உபகாரத்தில் தாத்தாவுக்கு ஒரே ஒரு குறை: இறங்க இடம் இல்லாமல் பண்ணிவிட்டார்!

ஆனால் அந்த மார்க் போடும் விளையாட்டுக்குள் ஒரு கண்டிப்பான பாடம் இருந்தது. இறங்க வேண்டிய வயலை உயரம் தீர்ந்த பிறகு தேடக் கூடாது. கையில் உயரம் இருக்கும்போதே பார்த்து வைத்துவிட வேண்டும். நான் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு எழுத வருகிறேன் என்றபோது வீடே எதிர்த்தது. தாத்தா கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை மாசத்துக்கு உயரம் இருக்கு?" ஆறு மாசத்துக்கு என்றேன். "வயல் பாத்துட்டியா?" டைப்பிங்கும் டாலியும் தெரியும், எந்தக் கடையிலும் கணக்கு எழுதலாம் என்றேன். "அப்ப கம்பியைக் கழட்டு" என்றார்.

கிளைடர்காரர்களை உலகம் கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளைகளாகத்தான் நினைக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் ஜெர்மனியின் ராணுவ விமானங்களுக்குத் தடை போட்டார்கள். அந்த நாட்டு இளைஞர்கள் 1920-ல் வாஸர்குப்பே என்கிற மலை மேல் ஏறி, இன்ஜின் இல்லாமலேயே பறக்க ஆரம்பித்தார்கள். இந்த விளையாட்டு வளர்ந்தது அப்படித்தான். அதன் அருமை தெரிந்தது 1983 ஜூலை 23-ம் தேதி. ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டது. காரணம் கேட்டால் எந்த காமர்ஸ் பட்டதாரியும் தலையில் அடித்துக்கொள்வார்: கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டுவிட்டார்கள்! தேவையில் பாதிகூட டாங்கில் இல்லை. காப்டன் பாப் பியர்ஸன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அந்த ராட்சத விமானத்தைக் கிளைடர் மாதிரியே ஓட்டி, கிம்லி என்ற ஊரில் பழைய விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார். அங்கே அன்றைக்குக் கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். 2009 ஜனவரி 15, நம் பக்கத்தில் பென்னிகுக் பிறந்தநாள் பொங்கல் வைக்கிற தேதி. அன்றைக்கு நியூயார்க்கில் பறவை மோதி இன்ஜின்கள் நின்ற விமானத்தை ஹட்ஸன் ஆற்றில் இறக்கி 155 பேரைக் காப்பாற்றிய ஸல்லன்பர்கரும் கிளைடர் பழகியவர்தான். டி.வி.யில் அதைப் பார்த்துவிட்டுத் தாத்தா அன்றைக்குத் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஏதோ கிளப்பில் கூடப் பழகிய பையன் மாதிரி!

அவருக்கு ஒரே ஒரு பாக்கி இருந்தது. 'சி'க்கு அடுத்தது வெள்ளி பாட்ஜ். அதற்கு மூன்று நிபந்தனைகள். ஐந்து மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் தூரம் போக வேண்டும். முதல் இரண்டையும் தாத்தா முடித்திருந்தார். மூன்றாவது மட்டும் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "மேகம் மூடிருச்சு", "காத்து சரியில்ல", "நைட் ஷிப்ட்" என்று தடவைக்கு ஒரு காரணம் சொல்வார்.

2001 ஆடி மாதம். தாத்தாவுக்கு அறுபத்து மூன்று, எனக்குப் பன்னிரண்டு. ஒரு நாள் வெள்ளனே வந்து என்னை எழுப்பினார். "நோட்டும் பேனாவும் எடுத்துக்க தாயி. நீதான் அப்ஸர்வர்." விதிப்படி ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டுமாம். மாமாவின் டி.வி.எஸ். 50-ல் நான் பின்னால் உட்கார, தாத்தா சைக்கிளில் முன்னால் போக, கூடலூரில் கிளம்பினோம். தேனி வரைக்கும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஆடிக் காற்று முதுகில். ஆறு ஓடுகிற திசையிலேயே ரோடும் போவதால் ஏற்றம் அவ்வளவாகக் கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டாமல் பாய் மாதிரி விரித்து விட்டிருந்தார். பெடலை மிதிக்காமல் எவ்வளவு தூரம் போகிறது என்று எண்ணிக்கொண்டே வந்தார். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்... வீரபாண்டியில் ஒரு சோடா. சிவப்பு நூல் முன் பக்கமாக நீட்டிக்கொண்டு படபடத்தது. காற்று சைக்கிளைவிட வேகமாகப் போகிறது என்று அர்த்தம். அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். மாமா வழியெல்லாம், "கிழவனுக்கு மாரடைப்பு வந்தா எங்க அக்கா என்னையத்தான் கொல்லும்" என்று புலம்பிக்கொண்டே வந்தார். தேனி பஸ் ஸ்டாண்டில் நேரம் குறித்து, 'உடன் வந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது என் முதல் ஆடிட்!

2015 கடைசியில் தாத்தாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் பெரிய டாக்டர், ஆபரேஷன் செய்யலாம், வயதைப் பார்த்தால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். அம்மா அழுதாள். மாமா நிலத்தை விற்கத் தயாரானார். தாத்தா வேண்டாம் என்றுவிட்டார். நான் விடவில்லை. 'முயற்சி பண்ணாமல் விடுவது கோழைத்தனம் இல்லையா தாத்தா?' என்றே கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை.

"தரைக்குக் கிட்ட வந்தப்புறம், ஐயோ அந்த வயல் இன்னும் நல்லாருக்கேன்னு திருப்பக் கூடாது தாயி. தாழ்வுல திருப்பினவன்தான் செத்திருக்கான். நேரா, மட்டமா எறங்கணும்."

கிளைடர்காரருக்கு அது சரியான விதி. மனுஷனுக்கும் சரியா? அம்மா இன்றைக்கும், "ஆபரேஷன் பண்ணிருந்தா இன்னும் அஞ்சு வருஷம் இருந்திருப்பாரு" என்கிறாள். மாமா, "ஆஸ்பத்திரியில கெடந்து போயிருப்பாரு" என்கிறார். தீபாவளிக்கு எல்லாரும் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. நான் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். 2016 பங்குனியில், தன் வீட்டில், தன் கட்டிலில், வெயில் ஏறி பருந்துகள் வட்டமடிக்க ஆரம்பிக்கிற பதினோரு மணிக்குப் போனார். பென்ஷன் புத்தகம், பாங்க் பாஸ்புக், பால்காரர் கணக்கு எல்லாம் ஒரே கவரில் இருந்தது. வயல் பார்த்துத்தான் வைத்திருந்தார்.

டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு புனே விலாசத்துக்குச் செய்தி எழுதிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து இங்கிலீஷில், நடுங்குகிற கையெழுத்தில் பதில் வந்தது. எழுதியவர் அந்த ஞாயிற்றுக்கிழமை கோஷ்டியில் ஒருத்தர், ஓய்வு பெற்ற பேராசிரியர். அதில்தான் ஐம்பது கிலோமீட்டர் கதை முழுசாகத் தெரிந்தது. மேகமும் மூடவில்லை, நைட் ஷிப்ட்டும் இல்லை. தூரம் போகத் தோதான வானம் வருஷத்தில் சில நாள்தான் அமையும். அப்படி அமைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாத்தாவின் முறை. மாணவன் ஒருவன் மறுநாள் மேல்படிப்புக்கு வெளியூர் கிளம்புவதாக இருந்தது. திரும்பி வருவானோ, மாட்டானோ. தாத்தா தன் முறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, போய் ரெக்கையைப் பிடித்துக்கொண்டாராம். அந்த மாணவன் வேறு யாரும் இல்லை, கடிதம் எழுதியவரேதான். அடுத்த வருஷமும் ஒரு நல்ல நாள் வந்ததாம். அப்போதும் வேறு ஒரு பையன் இருந்தானாம்.

கடைசி வரியில் பேராசிரியர் ஒன்று கேட்டிருந்தார்: உன் தாத்தா அந்த ஐம்பது கிலோமீட்டரை எப்போதாவது முடித்தாரா?

டிரங்குப் பெட்டியில், பாட்ஜுக்கு அடியில், நாலாக மடித்த அந்த நோட்டுத் தாள் இருந்தது. 'கூடலூர் – தேனி. வாகனம்: சைக்கிள். காற்று: தென்மேற்கு. உடன் வந்தவர்:' கீழே ஏழாம் வகுப்புக் கோழிக்கிறுக்கலில் என் பெயர். ஜெராக்ஸ் எடுத்து, இங்கிலீஷில் அர்த்தம் எழுதி, புனேவுக்கு அனுப்பினேன்.

ஒரு தபால் கார்டு வந்தது. மொத்தமே மூன்று விஷயம். சைக்கிளுக்கு வெள்ளி பாட்ஜ் கொடுக்க விதியில் இடம் இல்லை. பின்காற்றில் போனது சரியான முடிவு. அப்ஸர்வர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி போட மறந்துவிட்டார், உடனே போட்டு அனுப்பவும்.

போட்டு அனுப்பினேன்.